விழுந்த கல்லுக்கு அடியில்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில் இருக்கிறது டார்ட்மூர் மேட்டுநிலம். மரமில்லாத புல்வெளி, அடிக்கடி மழை, கால் புதையும் ஈரம். அங்கே சிட்டாஃபோர்ட் டோர் என்ற பாறைக்குன்றின் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து 525 மீட்டர் உயரத்தில், 2007இல் ஆலன் எண்டகாட் என்ற தொல்லியலாளர் ஒரு கல்வட்டத்தைக் கண்டுபிடித்தார். விட்டம் சுமார் 34 மீட்டர். முப்பது கற்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு காலத்தில் நின்றவைதான். பல கற்களின் அடியில், ஆடாமலிருக்கச் சுற்றிலும் செருகிய சிறு கற்கள் இன்னும் கிடக்கின்றன.

எப்போது நட்டார்கள்? கல்லைக் கேட்டுப் பயனில்லை. டார்ட்மூரின் கருங்கல் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு உறைந்து உருவானது. மனிதர்கள் அதை நிமிர்த்திய நாள் அதற்குள் பதிவாகவில்லை. பேச வேண்டியது அதன் அடியிலுள்ள கரிய மண்.

அந்த மண்ணுக்குப் பீட் என்று பெயர். நீர் தேங்கி நிற்பதால் உள்ளே காற்று புகுவதில்லை. புளிப்புத் தன்மையும் சேர்ந்துகொள்ள, நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை ஓடாது. செத்த பாசியும் புல்லும் முழுக்க மட்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. அடியில் பழையது, மேலே புதியது.

செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் துளியளவு கார்பன்-14, அதாவது தானாகவே மெல்லச் சிதையும் கார்பன் வகை. செடி செத்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும்: 5,730 ஆண்டுகளில் பாதி கரைந்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று அளந்து, வயது எண்ணித் தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால் காலம் தெரியும்.

கல் சாயும்போது பானைக்கு மூடி போட்டது போல ஆகிறது. அதற்கடியில் புதிய பீட் சேராது. சிட்டாஃபோர்டில் அந்த மூடிய அடுக்கு காட்டிய காலம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன். கவனிக்கவும், இது கல் விழுந்த காலம். நட்டது அதற்கும் முன்னால்.

அதே டார்ட்மூரில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ள கட் ஹில்லில், 2004இல் வரிசையாகக் கிடக்கும் ஒன்பது கற்கள் தெரியவந்தன. அங்கே கல்லுக்குக் கீழும் மேலும் பீட் இருந்ததால் கல் விழுந்த காலத்துக்கு இரண்டு பக்கமும் வரம்பு கிடைத்தது. கீழ் அடுக்கு கி.மு. 3500க்கும் முந்தையது, மேல் அடுக்கு சுமார் கி.மு. 2500க்கும் 2200க்கும் இடைப்பட்டது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு: ஒரு கல்லின் வரலாற்றைச் செத்த பாசி இருபுறமும் நின்று சாட்சி சொல்கிறது.

ஈரம் போனால் இந்தச் சாட்சியும் போய்விடும். வடிகால் வெட்டினால் காற்று புகுந்து பீட் மட்கத் தொடங்கும். டார்ட்மூரில் இப்போது அந்த வடிகால்களுக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டி நீரை மறுபடி தேக்குகிறார்கள்.