குரல்வளையை எடுத்த பிறகு எப்படிப் பேசுவது?

குரல்வளைப் புற்றுநோய் முற்றிவிட்டால் சிலருக்குக் குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டிவரும். அதன்பின் மூச்சு, கழுத்தின் அடியில் போட்ட துளை வழியாகத்தான். "அப்போ இனிமே இவர் ஊமைதானா?" என்று வீட்டார் பேச்சுப் பயிற்சியாளர்களான எங்களிடம் கேட்பார்கள். இல்லை. குரல்வளை தருவது வெறும் ஓசை. அதைச் சொல்லாக்கும் நாக்கும் உதடும் அப்படியே இருக்கின்றன. ஓசைக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சுலபமானது, கழுத்தில் வைத்து அழுத்தும் பேட்டரி கருவி. குரல் ரோபோ மாதிரி இருக்கும். பேரன் பயப்படுகிறான் என்று அதை அலமாரியில் வைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. என்னைக் கேட்டால், பேரன் இரண்டு நாளில் பழகிவிடுவான், தாத்தா பேசட்டும்.

செலவே இல்லாத வழி, காற்றை உணவுக்குழாய்க்குள் இறக்கி ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது. பா, தா, கா என்றுதான் தொடங்குவோம். வல்லினத்தைச் சொல்லும்போது வாயில் அடைபடும் காற்றையே உள்ளே தள்ளலாம். அப்புறம் 'காபி', 'தாத்தா'. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குக் கடைசிவரை கைகூடாது.

இப்போது பலருக்கும் பொருத்துவது வால்வு. 1980-இல் அமெரிக்காவில் சிங்கரும் ப்ளாமும் அறிமுகப்படுத்திய முறை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சிறு துளையிட்டு, ஒருவழி சிலிக்கோன் வால்வை வைப்பார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குப் போய் அதன் சுவரை அதிரவைக்கும். புதிதாகப் பழகுபவர்கள் பதற்றத்தில் விரலை அழுத்துவார்கள். குரல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். லேசாக மூடி, ஒரே மூச்சில் "ஆ..." சொன்னால் போதும்.

வால்வு நிரந்தரமல்ல. பூஞ்சை படிந்து சில மாதங்களில் கசியத் தொடங்கும். காபி குடித்ததும் இருமல் வந்து, துளையில் காபி நிறத்தில் சளி தெரிந்தால் மாற்றும் நேரம் வந்திருக்கலாம். "சளிதானே" என்று விடாதீர்கள், நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் ஆகும். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் உருவாக்கிய 'ஓம்' வால்வு மிக மலிவு. உங்கள் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே எங்களை ஒருமுறை பாருங்கள். இன்னொன்று: குரல்வளையை எடுத்தவர்கள் மயங்கி விழுந்தால் வாயில் ஊதிப் பயனில்லை. ஆக்சிஜனும் கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.