எவர்சில்வர் வலையும் துருப்பிடிக்கும்

"தம்பி, எவர்சில்வர்னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க? இதைப் பாருங்க."

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடி வீடு. கேட்டது அந்த வீட்டு அம்மா. ஜன்னல் கொசுவலை முழுக்க, டீ தெளித்தது போலப் பழுப்புப் புள்ளிகள். போட்டு எட்டு மாதம்தான் ஆகிறதாம். போட்டது நானில்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி வலையை நானும் தெரியாமல் விற்றிருக்கிறேன். அதனால் பெரிதாக ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல ரகம் உண்டு. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உண்டாகும். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். துருவைத் தடுப்பது இந்தப் படலம்தான். கடல் காற்றில் வரும் உப்பு, அதாவது குளோரைடு, இதை ஊசி குத்தினது போல அங்கங்கே துளைக்கும்.

304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகமும் சேரும். உப்புக்கு ஈடுகொடுப்பது அதுதான். 202-ல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு மூன்றும் ஒரே பளபளப்பு.

"என் வீட்டுக் குடம் இருபது வருஷமா அப்படியே இருக்கே?" என்று கேட்பார்கள். குடத்தைத் தினமும் கழுவுகிறோம், துடைக்கிறோம். வலையை யார் துடைக்கிறார்கள்? அதோடு, வலைக் கம்பியின் கனம் கால் மில்லிமீட்டர்தான். 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தால் குடத்துக்கு அது வெறும் புள்ளி. கம்பிக்கோ கிட்டத்தட்ட பாதி உடம்பு போச்சு. கம்பியும் கம்பியும் குறுக்கே போகும் இடங்களில் உப்பு ஈரம் தங்குவது வேறு.

அந்த வீட்டில் இன்னொன்றையும் காட்டினேன். மழைச்சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரளவு நன்றாக இருந்தது. பால்கனிக்கு உள்ளே, மழையே படாத ஜன்னல்தான் மோசம். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. உள்ளே படிந்த உப்பு அப்படியே கிடக்கிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினாலே வலையின் ஆயுள் கூடும். டைல்ஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், இரும்பு நார் மூன்றும் வலைப் பக்கமே போகக் கூடாது.

காந்தத்தோடு கடைக்கு வருபவர்கள் நிறைய. ஒட்டினால் போலி என்று ஒரு நம்பிக்கை. நல்ல 304 கூடக் கம்பியாக இழுக்கும்போது லேசாகக் காந்தத்தன்மை பெறும். 202 ஒட்டாமலே தப்பிவிடலாம். ஆக, காந்தம் இங்கே உதவாது. ஒரு சொட்டு ரசாயனமும் 9 வோல்ட் பேட்டரியுமாக ஒரு சோதனை உண்டு. நிறம் மாறுவதை வைத்து ரகத்தைச் சொல்லிவிடலாம். கடைக்காரரை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து, வலைக் கண்ணின் அளவு. 16 மெஷ் என்றால் ஒரு அங்குலத்தில் 16 கண். 25.4 மில்லிமீட்டரை 16-ஆல் வகுத்தால் 1.59. அதில் கம்பி கனம் 0.25-ஐக் கழித்தால் ஓட்டை 1.34 மில்லிமீட்டர். கொசு நுழையாது, வலைப்பரப்பில் பத்தில் ஏழு பங்கு திறந்திருப்பதால் காற்றும் வரும். பயத்தில் 30 மெஷ் கேட்பவர்களைத் தடுத்துவிடுவேன். அதே கம்பியில் வலைப்பரப்பில் பாதிதான் திறந்திருக்கும், வீடு புழுங்கும். கம்பி கனத்தைச் சொல்லும் கேஜ் கணக்கில் மட்டும் ஏமாறாதீர்கள்: எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 32 கேஜ் 0.27 மில்லிமீட்டர், 36 கேஜ் 0.19 தான்.

நைலான் வலை மலிவு, துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் நொறுங்கும், எலி கடித்துவிடும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாய்க்கும், மேல்தொட்டியின் வழிகுழாய்க்கும் ஸ்டீல் வலைதான் என் தேர்வு. ஜன்னலெல்லாம் மூடிவிட்டு இந்த இரண்டையும் திறந்தே விட்டிருப்பார்கள். கொசு அங்கே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன செய்தேன்? கடல் பார்த்த நான்கு ஜன்னலுக்கு மட்டும் 316. மற்றவற்றுக்கு 304. சட்டத்தில் இருந்த இரும்புத் திருகாணிகளையும் மாற்றினேன். வலை நன்றாக இருந்தாலும் திருகாணியின் துரு வழிந்து கறையாக்கும். பில்லில் வெறும் "எஸ்.எஸ். மெஷ்" என்று போடாமல் ரகம், மெஷ், கம்பி கனம் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். பழைய வலையை மட்டும் அவர் தரவில்லை. மொட்டை மாடியில் வற்றல் மேல் காக்கை வராமல் மூட வேண்டுமாம்.