பாதி மை என்று எதுவும் இல்லை: டீ-ஷர்ட் டிசைன் ஃபைல் அச்சுக்குப் போகும் வழி

திரையில் பளிச்சென்று இருந்த டிசைன், டீ-ஷர்ட்டில் ஏறியதும் ஓரமெல்லாம் வெள்ளைப் பிசிறோடும் மங்கிய நிறத்தோடும் வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பழி உடனே அச்சடித்தவர் மேல் விழும். பல சமயம் கோளாறு ஃபைலிலேயே இருக்கிறது. திரைக்குப் படம் என்பது ஒளி. அச்சு இயந்திரத்துக்கோ அதே படம் ஓர் உத்தரவு: இங்கே மை வை, இங்கே வைக்காதே. ஒரு புள்ளியைப் பாதி வெளிச்சத்தில் காட்டத் திரையால் முடியும். மைக்கு அந்த வசதி கிடையாது. ஃபைல் தயாரிப்பில் சொல்லப்படும் விதிகளில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்திலிருந்து கிளம்பியவைதான்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இது கண்ணெதிரே தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலையில், ஒளி பட்டால் இறுகிவிடும் எமல்ஷனைப் பூசிக் காயவைக்கிறார்கள். டிசைனை அடர்கறுப்பில் எடுத்த ஃபிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடம் கெட்டியாகிறது. கறுப்பு மறைத்த இடம் இளகியே இருப்பதால், தண்ணீர் பீய்ச்சியதும் கரைந்து போய்விடுகிறது. அப்படித் திறந்த கண்கள் வழியாக மட்டும் மை கீழே இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஃபிலிம் சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒளி அரைகுறையாக ஊடுருவும், எமல்ஷனும் அரைகுறையாக இறுகும். கழுவும்போது எது போகும், எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சிவப்பு மைக்கான ஃபிலிமும் சரி, நீல மைக்கான ஃபிலிமும் சரி, முழுக் கறுப்பிலேயே எடுக்கப்படுகின்றன.

அப்படியானால் முகத்தின் நிழலும் அந்தி வானத்தின் நிறமாற்றமும் துணியில் எப்படி வருகின்றன? அதற்குத்தான் ஹாஃப்டோன். அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பதால் புள்ளியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். எல்லாப் புள்ளியிலும் மை ஒரே அடர்த்திதான். நிழலில் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டும், வெளிச்சத்தில் சிறுத்து விலகும். எட்ட நின்று பார்க்கும் கண் அவற்றைச் சேர்த்து ஒரே சாயலாக எடுத்துக்கொள்கிறது. துணியில் அங்குலத்துக்கு 45 முதல் 65 வரிசை வரை புள்ளிகள் வைப்பது வழக்கம். வலையின் நூல் எண்ணிக்கை அதைப்போல நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும். 50 வரிசைக்கு அங்குலத்துக்கு 200 நூலாவது வேண்டும் என்று கணக்கு. எமல்ஷன் புள்ளியைப் பிடித்துக்கொள்ள நூல்தான் ஆதாரம். நூல் போதாவிட்டால் சின்னப் புள்ளிகள் நிற்க இடமில்லாமல் உதிர்ந்துவிடும்.

ஈர மை துணியில் கொஞ்சம் பரவவும் செய்யும். ஃபைலில் 50 சதவீதம் என்று வைத்த சாயல் அச்சில் 60, 70 போலக் கறுத்துத் தெரிவது சகஜம். இதற்கு டாட் கெயின் என்று பெயர். நல்ல டிசைனர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, நடுச்சாயல்களைத் திரையில் சற்று வெளிறிப்போனது போலவே விட்டுவைப்பார். அப்புறம் கோணம். புள்ளி வரிசையும் வலையின் நூல் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைக்கும். புள்ளிகளை 22.5 டிகிரி சாய்த்து வைக்கும் பழக்கம் இதைத் தவிர்க்கத்தான்.

கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் துணியில் இன்க்ஜெட் முறையில் அடிக்கும் டிடிஜியும், ஃபிலிமில் அடித்து வெப்பத்தால் துணிக்கு மாற்றும் டிடிஎஃப்பும் வந்தபிறகு ஸ்கிரீனே தேவைப்படாத வேலைகள் பெருகிவிட்டன. ஆனால் பாதி மைச் சிக்கல் அங்கேயும் விடுவதில்லை. இன்னும் நுட்பமான இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. கறுப்பு டீ-ஷர்ட்டுக்கான ஒரு சிவப்பு எழுத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். வளைவின் ஓரத்தில் சிவப்பு சட்டென்று முடியாது. முழுச் சிவப்புப் பிக்சலை அடுத்து முக்கால்வாசி சிவப்பு, அதை அடுத்து கால்வாசி, அதற்கும் அப்பால்தான் வெறுமை. படிக்கட்டு போன்ற விளிம்பு கண்ணை உறுத்தாமலிருக்க மென்பொருளே இப்படிக் கரைத்துவிடுகிறது. திரைக்கு அது நல்ல ஏற்பாடு.

அடர்நிறத் துணியிலோ கதை வேறு. வண்ண மைகள் ஒளியை ஊடுருவ விடுபவை. கறுப்புத் துணியில் நேரடியாக அடித்தால் துணியே அவற்றை விழுங்கிவிடும். அதனால் நிறத்துக்கு அடியில் டைட்டானியம் டை-ஆக்சைடு கலந்த வெள்ளை மை ஓர் அடுக்காக இருக்க வேண்டும். வெள்ளையை எங்கே, எவ்வளவு வைப்பது என்று அச்சு மென்பொருள் முடிவு செய்வது, ஃபைலில் எந்தப் பிக்சல் எவ்வளவு ஒளிபுகும் என்பதைப் பார்த்துத்தான். அந்தக் கால்வாசிப் பிக்சலுக்கும் அது கொஞ்சம் வெள்ளையை ஒதுக்கும், மேலே ஒப்புக்குச் சிவப்பைத் தூவும். எழுத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பு முளைப்பது இப்படித்தான். வெள்ளைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்த படமென்றால் இன்னும் மோசம். விளிம்புப் பிக்சல்களில் அந்தப் பழைய வெள்ளையே கலந்திருக்கும். டிடிஎஃப்பில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஈர மையில் ஒட்டும் பசைத்தூள்தான் டிசைனைத் துணியோடு பிணைக்கிறது. மை அரிதாக விழுந்த இடத்தில் தூளும் அரிதாகவே ஒட்டும். சில சலவைக்குள் அந்த ஓரம் கழன்றுவிடும்.

தீர்வு ஃபைலில்தான் இருக்கிறது. விளிம்புப் பிக்சல் ஒவ்வொன்றும் முழுதாக இருக்க வேண்டும், அல்லது முழுதாக இல்லாமல் போக வேண்டும். மென்மையான நிழல், ஒளிவட்டம், புகை மாதிரியான அலங்காரங்களை எடுத்துவிடலாம், அல்லது ஹாஃப்டோன் புள்ளிகளாக மாற்றலாம். வெள்ளை அடித்தளத்தை நிறத்தைவிட ஒரு மயிரிழை சுருக்கிவிடுவதும் அவசியம். சோக் என்று சொல்வது இதைத்தான். ஒன்று, இரண்டு பாயிண்ட் போதும். ஒரு பாயிண்ட் என்பது கிட்டத்தட்ட 0.35 மில்லிமீட்டர். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பக்கத்துப் பக்கத்தில் வரும் நிறங்களுக்கு நேர் எதிரான வைத்தியம்: ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்க வேண்டும். துணி ஒரு இழை நகர்ந்தாலும் நடுவில் இடைவெளி தெரியாது.

கறுப்பு டீ-ஷர்ட்டில் கறுப்பு மை அடிக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். டிசைனில் இருக்கும் கறுப்பை நீக்கிவிட்டால் துணியே கறுப்பாக நின்றுவிடும். மை மிச்சம், துணி உடம்பில் விறைக்காது, காற்றும் புகும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது. ஒரே நிபந்தனை, துணியின் நிறம் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அதே ஃபைலை வெள்ளை டீ-ஷர்ட்டில் அடித்தால் முகத்தில் தலைமுடி இருந்த இடம் வெள்ளையாகிவிடும்.

ரெசல்யூஷன் விஷயம் எளிய கணக்கு. அச்சில் 12 அங்குல அகலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் படத்தின் அகலம் 3600 பிக்சல். கையில் இருப்பது 1080 பிக்சல் படமென்றால் அங்குலத்துக்கு 90தான் தேறும். மென்பொருளில் 300 என்று எண்ணை மாற்றினால் பிக்சல் பெருகும், விவரம் பெருகாது. ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், அளவுக்கு மீறிச் சுருக்கினால் அந்தக் கட்டங்கள் எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் போலத் தெரியும். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பியே தீரவேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். லோகோவும் எழுத்தும் வெக்டராக, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோடுகளின் கணக்காக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. எந்த அளவுக்கும் கூர்மை குறையாது.

நிறத்தைப் பொறுத்தவரை, திரையின் மின்னும் பச்சையும் ஊதா கலந்த நீலமும் சி.எம்.ஒய்.கே. எனப்படும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் எட்ட முடியாதவை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பான்டோன் (நிறங்களுக்கு எண் கொடுத்திருக்கும் அட்டவணை) எண்ணைக் குறிப்பிட்டால் அந்த நிறத்திலேயே மை கலந்துவிடலாம். டிடிஜிக்கு வழக்கமாக, திரையின் சிவப்பு-பச்சை-நீல முறையிலான ஆர்.ஜி.பி. ஃபைலையே கொடுப்பது நல்லது, மாற்றும் வேலையை அச்சு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பாலியஸ்டரில் சப்ளிமேஷன் செய்வதென்றால் அங்கே வெள்ளை மையே கிடையாது. சுமார் 200 டிகிரி செல்சியஸில் சாயம் ஆவியாகி இழைக்குள் புகும் முறை அது. ஃபைலில் வெள்ளை என்றால் துணியின் நிறம் என்றே அர்த்தம்.

தமிழ் எழுத்து வைத்த டிசைனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் ஃபான்ட் அச்சடிப்பவரின் கணினியில் இல்லாவிட்டால் வேறு ஃபான்ட் வந்து உட்காரும், யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டு ஃபான்ட் என்றால் வெறும் ஆங்கிலக் குப்பையாகவே வரும். இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘கொ’வின் ஒற்றைக் கொம்பு இடம்மாறி நிற்கும். எனவே அனுப்புமுன் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள், மாற்றியபிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அதற்குமேல் பிழை திருத்த முடியாது என்பதால் மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கடைசியாக, டிசைனுக்கு அடியில் டீ-ஷர்ட் நிறத்தில் ஒரு லேயரைப் போட்டு, 400 சதவீதத்தில் விளிம்பை ஒரு சுற்று பார்த்து வாருங்கள். பார்த்தபின் அந்த லேயரை நீக்க மறக்க வேண்டாம். இருந்தால் அதுவும் சேர்ந்து அச்சாகிவிடும். பிறகு சாதாரணத் தாள்களில் நிஜ அளவிலேயே பிரிண்ட் எடுத்து, ஒட்டி, ஒரு டீ-ஷர்ட்டின் நெஞ்சில் குத்திப் பாருங்கள். பெரியவர் சைஸில் அளவாகத் தெரியும் 12 அங்குலம், சின்னக் குழந்தையின் சைஸில் அக்குள் வரை ஓடிவிடும். இரண்டுக்கும் அடிப்பதாக இருந்தால் இரண்டு ஃபைல் கொடுத்துவிடுங்கள்.