வாங்கும் வரை இருக்கும் ஆசை

ஆர்டர் போட்ட பொருள் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று ஒரே நாளில் நான்கைந்து முறை கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தவர், அது வீடு வந்து சேர்ந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இரண்டு நாள் அலமாரிக்கு மேல் போட்டு வைத்திருப்பார். சோம்பல் என்றோ பணத்திமிர் என்றோ சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் காத்திருந்தபோது இருந்த அந்தப் பரபரப்பு, பொருள் கைக்கு வந்ததும் எங்கே போயிற்று என்ற கேள்வியை நரம்பியல் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். ஓரளவு விடையும் கண்டிருக்கிறார்கள்.

தமிழில் ஒன்று ‘வேண்டும்’ என்கிறோம், ஒன்று ‘பிடிக்கும்’ என்கிறோம். பேச்சில் இரண்டும் அக்கம்பக்கத்திலேயே புழங்குவதால், வேண்டியது பிடித்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். மூளைக்குள் இவை தனித்தனி ஏற்பாடுகள் என்பதை முதலில் எலிகள் காட்டிக்கொடுத்தன. நாக்கில் இனிப்பு பட்டால் எலி உதட்டை நக்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். இது கைக்குழந்தைகளிடமும் காணக்கூடிய முகக்குறிதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும் நிலை. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டபோது, மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கின. இனிப்பு அவற்றுக்குப் பிடித்துத்தான் இருந்தது, வேண்டும் என்ற உந்துதல்தான் இல்லை. இதற்கு நேர்மாறாக, டோபமைன் கூடுதலாகத் தேங்கும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் இனிப்பை நோக்கி வேகமாக ஓடின. வாயில் பட்ட பிறகு அதை ரசித்ததில் மட்டும் கூடுதல் எதுவும் தெரியவில்லை. ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று பத்திரிகைகள் டோபமைனுக்குச் சூட்டிய பட்டப்பெயர் பாதிக்கு மேல் தவறு.

அந்த வேட்கை எப்போது கிளம்புகிறது என்பதைக் குரங்குகளை வைத்துக் கண்டறிந்தவர் நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்த நேரத்தில் நரம்பணுக்கள் பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், வழக்கமான துடிப்பும் சட்டென்று அடங்கியது. இந்த நரம்பணுக்கள் கணக்கிடுவது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே என்று பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் 1997இல் விளக்கினார். ஷுல்ட்ஸின் குழு 2003இல் இன்னொன்றையும் கண்டது: சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி வாய்ப்பாக இருக்கும்போதுதான் காத்திருக்கும் நேரத்தில் எழும் செயல்பாடு உச்சத்தில் இருக்கிறது. பணம் செலுத்தியதும் கைபேசித் திரையில் சுரண்டிப் பார்க்கச் சொல்லி ஓர் அட்டை தோன்றுகிறதே, அதில் பெரும்பாலும் எதுவும் விழுவதில்லை என்று தெரிந்தும் நாம் சுரண்டுவது இதனால்தான் போலும்.

குரங்கையும் எலியையும் வைத்து மனிதரைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு ஒரு வருத்தமான பதில் மருத்துவமனைகளிலிருந்து வந்தது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால், டோபமைனைப் போலவே வேலை செய்யும் மருந்துகளை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. கை நடுக்கமும் விறைப்பும் குறையும். ஆனால் சிலரிடம் அதுவரை இல்லாத சூதாட்டப் பித்தோ, கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பழக்கமோ முளைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 3,090 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், 5.7 சதவீதத்தினரிடம் கட்டுக்கடங்காமல் பொருள் வாங்கும் போக்கு இருந்தது. சூதாட்டத்தின் பங்கு 5 சதவீதம். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த ஒருவரின் கையை ஒரு மாத்திரை அவிழ்த்துவிடக்கூடும் என்றால், தேவையற்றதை வாங்குவதை வெறும் குணக்கேடாகப் பார்ப்பது எவ்வளவு சரி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நரம்பணுக்கள் துடிக்க ஒரு விளக்கு வேண்டும் அல்லவா? கடைகள் அந்த விளக்கை ஏற்றுவதில் கைதேர்ந்தவை. ஆடியில் திருமணம் முதலான சுப காரியங்களை நடத்துவதில்லை என்பதால் ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கைத் தீர்க்க வந்ததுதான் தள்ளுபடி. இன்று அந்த மந்த மாதத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ‘ஆடித் தள்ளுபடி’ என்ற பலகையே விளக்காகிவிட்டது. அதன் கீழே என்ன விற்கிறது என்பது அடுத்த கேள்வி.

அந்தப் பலகைக்குக் கீழே அடித்துவிடப்பட்ட பழைய விலை ஒன்று இருக்கும். அது செய்யும் வேலையை உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் ஒரு சுழல்சக்கரத்தைக் கொண்டு விளக்கினார்கள். 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டுமே நிற்கும்படி ரகசியமாக அமைக்கப்பட்ட சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிய பிறகு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25 சதவீதம். 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், முதலில் கண்ணில் பட்ட எண் மனத்தில் நங்கூரம் பாய்ச்சிவிட்டது. நம் ஊரில் அந்த நங்கூரம் எம்.ஆர்.பி. என்ற பெயரில் பொட்டலத்திலேயே அச்சாகி வருகிறது. அதை அரசு நிர்ணயித்த விலை என்று நம்புகிறவர்கள் பலர். சில மருந்துகள் போன்ற விதிவிலக்குகளைத் தவிர்த்தால், அது உற்பத்தியாளரே குறித்துக்கொள்ளும் உச்சவரம்பு. தாமே எழுதிய எண்ணைத் தாமே அடித்துவிட்டு 60 சதவீதம் குறைத்ததாகச் சொல்வதில் அவர்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

புடவைக் கடை விற்பனையாளர் ஒருவரின் கைத்திறனை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் உளவியலில் பாதியைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கேட்காமலேயே இருபது புடவைகளை விரித்துப் போடுவார். இவ்வளவு மெனக்கெட்டவரிடம் ஒன்றும் வாங்காமல் எழுந்து போவதா என்ற கூச்சம் வரும். அப்புறம் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவார். அந்தக் கணத்தில் புடவை பாதி நம்முடையது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பதே அது தம்முடையது என்ற உணர்வைக் கூட்டுகிறது என்று ஜோஆன் பெக், சூசேன் ஷு ஆகியோர் 2009இல் காட்டினார்கள். உடைமை உணர்வு விலையை எப்படி மாற்றும் என்பதைக் கானமனும் ஜாக் நெட்ஷும் ரிச்சர்ட் தேலரும் அதற்கு முன்பே, 1990இல் வெளியான ஆய்வில், சாதாரணக் காப்பிக் கோப்பைகளை வைத்து அளந்திருந்தார்கள். கையில் கோப்பை கொடுக்கப்பட்ட மாணவர்கள் அதை விற்கச் சுமார் 5.25 டாலர் கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்தது 2.25 முதல் 2.75 டாலர் வரைதான். பிடிக்காவிட்டால் சில நாளில் திருப்பித் தரலாம் என்று இணையக் கடைகள் தாராளம் காட்டுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. வீட்டுக்குள் வந்த பொருளைத் திருப்பி அனுப்ப எளிதில் மனம் வருவதில்லை.

இவ்வளவு உந்துதல்களுக்கும் எதிராக இயற்கை நமக்குத் தந்திருக்கும் தடை, பணம் கையை விட்டுப் போகும்போது சுருக்கென்று தைக்கும் அந்த வலி. ஸ்டான்ஃபோர்டில் பிரையன் நட்சனின் குழு 2007இல், 26 பேரை மூளையைப் படமெடுக்கும் வருடிக் கருவிக்குள் படுக்கவைத்து, முதலில் பொருளையும் பிறகு விலையையும் காட்டி, வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொன்னது. பிடித்த பொருளைப் பார்த்தபோது வேட்கையோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி கிளர்ந்தது. விலை மிக அதிகமாகத் தோன்றியபோது, உடல் வலியிலும் அருவருப்பிலும் பங்குபெறும் இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. இவற்றைக் கொண்டு, ஒருவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே வாங்குவாரா மாட்டாரா என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. 26 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும், இன்சுலாவுக்கு வலியைத் தவிர வேறு பல வேலைகள் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

பணத்தாள் இல்லாவிட்டால் இந்த வலி மரத்துப்போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிராஜென் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் நிர்வாகவியல் மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான சீட்டுகளை ஏலம் விட்டார்கள். கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கொடுக்கச் சொல்லப்பட்டவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள் என்று அவர்களுடைய 2001ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. பிரெலெக் பங்குபெற்ற 2021ஆம் ஆண்டு மூளை ஆய்வு ஒன்று இதைச் சற்றுத் திருத்துகிறது: அட்டை வலியைக் குறைக்கிறது என்பதைவிட, அட்டையைக் கண்டதுமே வேட்கைப் பகுதிகள் கிளர்ந்தெழுகின்றன என்று கொள்ளவே அதில் கிடைத்த சான்று இடம் தருகிறது. அட்டையும் ஒரு விளக்காகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 500 ரூபாய்த் தாளை மாற்ற மனமில்லாமல் தேநீரைத் தள்ளிப்போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. விரல் ரேகை வைத்துப் பணம் அனுப்பும்போது அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

தயக்கம் எழும் அந்தச் சில நொடிகளைச் சுருக்குவதுதான் இணைய வணிகத்தின் முழு வடிவமைப்பும். ‘இன்னும் இரண்டே உள்ளன’, ‘சலுகை முடிய 09:41 நிமிடம்’ என்று ஓடும் கடிகாரங்களில் எது உண்மை, எது பொய் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. பொய்யாக அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூசவைக்கும்படி பொத்தானில் வாசகம் எழுதுவது ஆகியவை அவற்றுள் சில. தடை இருப்பதும், கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒரு நன்கொடையோ காப்பீடோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாமே ஒருமுறை பார்த்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இவற்றை மன உறுதியால் வெல்லலாம் என்ற அறிவுரையைச் சற்று ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். மன உறுதி தசையைப் போன்றது, பயன்படுத்தினால் களைத்துவிடும் என்ற புகழ்பெற்ற கருத்தை 23 ஆய்வுக்கூடங்கள் 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டபோது, அந்த விளைவு ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியவில்லை. எதை நம்பிப் பயிற்சி எடுப்பது என்பதிலேயே குழப்பம் இருக்கும்போது, விளக்கை அணைப்பது எளிதான வேலை. கடைச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துவது, சேமித்து வைத்த அட்டையை நீக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கங்களையும் கையால் தட்டுவது, பசியோடு மளிகை வாங்கப் போகாமல் இருப்பது ஆகியவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அவை வேட்கைக்கும் பணம் கட்டுவதற்கும் இடையே கடைக்காரர் அழித்துவிட்ட இடைவெளியை மீண்டும் உண்டாக்குகின்றன. ‘தள்ளுபடிப் பலகையைப் பார்த்தால், முதலில் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன்’ என்று, இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்ற வடிவில் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது வெறும் சங்கற்பத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதற்குப் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் ஆதாரம் தருகின்றன. கடன் ஏறியும் வாங்குவதை நிறுத்த முடியவில்லை என்பவருக்கு இந்தச் சிறு உத்திகள் போதாது; அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

நான் செய்துபார்த்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்கத் தோன்றியதை அதில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மட்டுமே திரும்பப் பார்ப்பேன். மழைக்காலத்துக்குமுன் எழுதிய ‘குடை’யின் தேவை மட்டும் அப்படியே நின்றது. மாதம் முடியும்வரை பொறுக்காமல் நனைந்துவந்த அன்றே வாங்கினேன். அதற்கு மேல் வரியில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, ஏதோ ஒரு மாதிரி எண்ணை எழுதியிருந்தேன். அது இயர்ஃபோனா, மிக்ஸியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.