பேட்டரி ஓடும்போதே பார்க்க வேண்டும்

பழுதான பேட்டரியைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த தரவு இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்காது. மின்முனையைக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எக்ஸ் கதிரில் வைத்திருப்பார்கள். அதற்குள் மின்னோட்டம் நின்று, அயனிகள் வேறு இடங்களுக்கு நகர்ந்திருக்கும். கழுவியதில் மேற்படலம் கொஞ்சம் கரைந்திருக்கும். சிறிது காற்று பட்டாலும் போதும், லித்தியம் அதனுடன் வினைபுரிந்துவிடும். இத்தனைக்கும் பிறகு எஞ்சிய பொருளைப் பார்த்து, பேட்டரி இப்படித்தான் வேலை செய்தது என்று எழுதிவிடுகிறோம்.

இதனால் எவ்வளவு தவறிப் போகலாம் என்பதை லித்தியம் இரும்பு பாஸ்பேட் காட்டுகிறது. 1997-இல் ஜான் குட்இனஃப் குழுவினர் அறிமுகப்படுத்திய இந்தப் பொருள் இன்று மின்வாகனங்களில் பரவலாக உள்ளது. மின்னேற்றத்தைப் பாதியில் நிறுத்தி, ஓய்வெடுக்க விட்டுப் பார்த்தால், லித்தியம் நிறைந்த படிகம், லித்தியம் இழந்த படிகம் என்று இரண்டு மட்டுமே தெரியும். இரண்டுக்கும் கன அளவில் ஏறத்தாழ 7 சதவீத வேறுபாடு. ஒன்று மற்றொன்றாக மாற, இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை துகளுக்குள் ஊர்ந்து செல்ல வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நுண்துகள்களாக்கினால் இதே பொருள் சில நிமிடங்களில் மின்னேறுகிறது. எப்படி? 2014-இல் வெளியான ஆய்வில், வேகமாக மின்னேற்றி இறக்கிக்கொண்டே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைப் (படிகத்தில் பட்டுக் கதிர் சிதறும் கோலத்தை) பதிவு செய்தபோது, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அணிக்கோவை அளவுகள் (படிகத்தில் அணுக்களின் இடைவெளிகள்) தொடர்ச்சியாகத் தென்பட்டன. ஓட்டத்தை நிறுத்தினால் இந்த இடைநிலை கலைந்து பழைய இரண்டு படிகங்களாகப் பிரிந்துவிடும். பிரித்து வைத்த மின்முனையை எத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தாலும் அது கண்ணில் படாது.

பொருள் உருவாகும் தருணமும் அப்படித்தான். உலோகத்தை முப்பரிமாணத்தில் அச்சிடும்போது, லேசர் பட்டு உருகிய இடத்தில் ஆழமான குழி தோன்றுகிறது. அது நிலைகுலைந்தால் அடிப்பகுதி துண்டாகிக் குமிழாகி, உலோகம் உறையும்போது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் தீவிரமான எக்ஸ் கதிர் மூலம் இதை நேரடியாகப் படம்பிடித்திருக்கிறார்கள். அச்சிட்டு முடித்த பாகத்தை அறுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உருண்டை ஓட்டை மட்டுமே தெரியும். தாமிர வினையூக்கிகளிலும் இதே சிக்கல்: வெளியே எடுத்த உடனே மேற்பரப்பு ஆக்சைடாகத் தொடங்கிவிடும்.

ஆனால் ஓடும்போதே அளந்துவிட்டோம் என்பதற்காகத் தரவை அப்படியே நம்பிவிடக் கூடாது. இளம் ஆய்வாளர்களிடம் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். கதிர் உள்ளே நுழைய பேட்டரிக் கூட்டில் சாளரம் வைக்கிறோம். அது வளையும் பிளாஸ்டிக் தாளாக இருந்தால், அந்த இடத்தில் மின்முனைமீது அழுத்தம் குறையும். நாம் அளக்கும் புள்ளி மட்டும் மற்ற இடங்களைவிடப் பின்தங்கி மின்னேறும். பெரிலியம் விறைப்பானது. ஆனால் நச்சுத்தன்மை உடையது, உயர் மின்னழுத்தத்தில் அரிபடவும் செய்யும். கதிரும் சும்மா இருப்பதில்லை. தீவிரமான கற்றை மின்பகுளியை, அதாவது மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் திரவத்தை, சிதைக்கும். திரவக் கலத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பயன்படுத்தினால், எலக்ட்ரான்களே நீரைப் பிளந்து ஹைட்ரஜனை உண்டாக்கும்.

ஆகவே சிங்க்ரோட்ரானுக்குப் புறப்படும் முன்பே, சாளரம் வைத்த கூட்டைச் சொந்த ஆய்வகத்தில் ஓட்டி, அதன் மின்னழுத்த வளைவு சாதாரணப் பேட்டரியுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அளக்கும்போது மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். அவை இல்லாமல் படிக அமைப்பு மாறியதை மட்டும் வைத்துச் செயல்திறனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. படங்களுக்கு இடையே கற்றையை மூடி வையுங்கள். மின்முனையில் கதிர் படாத ஓர் இடத்தை ஒதுக்கி, சோதனை முடிந்ததும் அங்கேயும் ஒருமுறை அளவெடுங்கள். இரண்டு இடங்களும் வெவ்வேறு விடை தந்தால், கதிரின் அளவைக் குறைத்துக்கொண்டு புதிய பேட்டரியுடன் சோதனையை மீண்டும் தொடங்குங்கள்.