கருவில் கை வைக்கும் முன்

மரபியல் மருத்துவராக நான் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டால் பிள்ளைக்கு நோய் வராதல்லவா, டாக்டர்?” கேட்பவர்கள் பெரும்பாலும், கணவன் மனைவி இருவருமே தலசீமியா மைனராக, அதாவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவை ஒரு பிரதியில் மட்டும் சுமப்பவர்களாக உள்ள தம்பதியர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களுடைய பயம் நியாயமானதே. ஆனால் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது, நோயாளியின் உடலோடு நின்றுவிடும் திருத்தம். கடும் தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை அப்படிப்பட்டது. நோயாளியின் ரத்த மூல உயிரணுக்களை எடுத்து, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையில் திருத்தி, கீமோதெரபியால் பழைய எலும்பு மஜ்ஜையை அகற்றியபின் திரும்பச் செலுத்துகிறார்கள். கடினமான சிகிச்சைதான், பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இந்த விலையை எதிர்த்து நாம் உரக்கப் பேச வேண்டும். ஆனால் சிகிச்சை அறத்துக்கு உட்பட்டதே: நன்மையோ தீமையோ, அதற்குச் சம்மதித்தவரோடு முடிகிறது.

கருவில் செய்யும் திருத்தம் அப்படி முடிவதில்லை. பிறக்கும் பிள்ளையின் உடல் முழுவதும் பரவலாம். அதன் பிள்ளைகளுக்கும் போகலாம். 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், எச்ஐவி வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலை உருவாக்கும் சிசிஆர்5 மரபணுவைக் கருவில் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். தந்தைக்கு எச்ஐவி தொற்று இருந்ததால் பிள்ளைகளுக்கு எதிர்ப்புத்திறன் தருவதாகச் சொன்னார். விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தாலே தந்தையிடமிருந்து தொற்று வராமல் தடுக்கலாம். அதையும் அவரே செய்திருந்தார். பிறகு எதற்காக இந்தத் திருத்தம்? எச்ஐவியை எதிர்க்கும்படி சிலருக்கு இயற்கையாகவே இந்த மரபணுவில் உள்ள மாற்றம் அந்தக் குழந்தைகளிடம் உண்டாகவில்லை. இதுவரை யாரிடமும் காணாத மாற்றங்கள் உண்டாயின. ஒரு குழந்தையிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதி மாறாமலேயே நின்றது. சிசிஆர்5 செயல்படாதவர்களை, கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது, பெற்றோரிடம் அவர் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம். ஆராய்ச்சிக்கு அதில் வைத்திருந்த பெயர் ‘எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்’. மரபணுத் தொகுதியில் தவறான இடத்தில் வெட்டு விழுந்தால் ஆய்வுக்குழு பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தது. பிள்ளை ஏக்கத்தோடும் சமூக அவமானத்தோடும் நிற்கும் பெற்றோரிடம் இப்படி ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

என்னிடம் வரும் தம்பதியருக்குக் கருவைத் திருத்தவேண்டிய தேவையே அநேகமாக இருப்பதில்லை. கர்ப்பத்தின் 11ஆம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பிள்ளைக்கு நோய் உண்டா என்று சோதிக்கலாம். சோதனைக்குழாய் முறையில் உருவான கருக்களில் நோயற்றதைத் தேர்ந்து கருப்பையில் வைக்கவும் முடியும். இவற்றிலும் மனவலி உண்டு, செலவும் உண்டு. ஆனால் இன்னும் பிறக்காத தலைமுறைகளை நாம் சோதனைப் பொருளாக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் மரபுவழி தொடரும் மரபணுத் திருத்தத்தைத் தடை செய்கின்றன. ஆகவே, கருவைத் திருத்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள். உடலளவில் நிற்கும் மரபணுச் சிகிச்சை ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துச்சென்று படியுங்கள். அன்றே கையெழுத்திடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.