ஒரு கோப்புக்காக முழு சர்வரையும் பின்னுக்குத் தள்ளாதீர்கள்

கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு எக்செல் கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறது, அதுவும் தினமும் ஒழுங்காக ஓடுகிற பேக்கப். பணியில் இருந்த நிர்வாகி என்ன செய்தார் தெரியுமா? முந்தைய இரவின் பேக்கப்பை எடுத்து, அந்த ஃபைல் சர்வர் விஎம்மை (ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் ஓடுகிற மெய்நிகர் கணினி) அப்படியே, ஓடிக்கொண்டிருந்ததன் மேலேயே ரீஸ்டோர் செய்துவிட்டார். எக்செல் கோப்பு வந்துவிட்டது. கூடவே, அன்று காலையிலிருந்து மற்ற எல்லாப் பிரிவினரும் அதே சர்வரில் சேமித்து வைத்த வேலை முழுவதும் போய்விட்டது. அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு வருகிறது: "சார், காலையில இருந்ததை எப்படியாவது எடுத்துக் கொடுக்க முடியுமா?" எதிலிருந்து எடுப்பது? அடுத்த பேக்கப் ஓடுவதற்குள் அதை அழித்தது நீங்கள்தானே.

இது முதல் தடவை என்றால் பேசாமல் விட்டிருப்பேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற இந்த வேலையை வேறு வேறு நிறுவனங்களில், வேறு வேறு மென்பொருள்களோடு திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்புதான்: "விஎம்மை முழுசாகத்தானே பேக்கப் எடுத்தோம், அப்போ முழுசாகத்தானே திரும்பப் போட முடியும்?"

இல்லை. தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விஎம் பேக்கப்பில் இருப்பது அந்த இயந்திரத்தின் டிஸ்க். டிஸ்க் என்றால் அதற்குள் பார்ட்டிஷன் இருக்கிறது, பார்ட்டிஷனுக்குள் ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, அதற்குள் உங்கள் ஃபோல்டர்கள், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பேக்கப் கோப்பு சுருக்கப்பட்டிருக்கலாம், துண்டு துண்டாகப் பல இரவுகளில் பிரிந்து கிடக்கலாம், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அவற்றைச் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த டிஸ்க்கை வேறொரு இடத்தில், எழுத முடியாத நிலையில், வாசிக்க மட்டும் மவுண்ட் செய்துவிட்டால், அதாவது இணைத்துத் திறந்துவிட்டால், ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போய்ப் பார்க்கலாம், வேண்டிய ஒரே ஒரு கோப்பை வெளியே எடுக்கலாம். இத்தனைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற சர்வருக்கு எதுவும் ஆகாது. அதை நிறுத்த வேண்டாம், ரீபூட் செய்ய வேண்டாம், யாரையும் வெளியேறச் சொல்ல வேண்டாம்.

இதற்காகத் தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. வீம் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ரீஸ்டோர் மெனுவிலேயே கெஸ்ட் ஃபைல் ரீஸ்டோர் (விஎம்முக்குள் இருக்கும் கோப்பை மட்டும் மீட்பது) இருக்கிறது. விண்டோஸ் விஎம் என்றால் அதன் டிரைவ்கள் மவுண்ட் சர்வரில் (பேக்கப்பைத் திறந்து காட்டுகிற கணினியில்) ஒரு ஃபோல்டரின் கீழ் வந்து நிற்கும். லினக்ஸ் விஎம் என்றால் அந்த ஃபைல் சிஸ்டங்களை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, எனவே ஒரு துணை லினக்ஸ் இயந்திரம் வேண்டும். விஎம்களை ஓட்டுகிற மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் 2021-இல் வந்த 6.4 பதிப்பிலிருந்தே, ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் உள்ள விஎம் பேக்கப்புக்கு இணையப் பக்கத்திலேயே ஃபைல் ரீஸ்டோர் பொத்தான் உண்டு. அதை அழுத்தும்போது பின்னால் ஒரு குட்டி விஎம் கிளம்பி, அதற்குள்தான் உங்கள் பேக்கப் டிஸ்க் திறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு டிஸ்க்கை உங்கள் ஹோஸ்டின் (விஎம்கள் ஓடுகிற பெரிய கணினியின்) கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, நேரடியாகத் தொடுவதில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில் கோப்பு மீட்பு என்று கேட்டால் ஒரு ஸ்கிரிப்ட் தருவார்கள், அது ஐஸ்கஸி (நெட்வொர்க் மூலம் டிஸ்க்கை இணைக்கும் முறை) வழியாக அந்த நாளின் டிஸ்க்குகளை உங்கள் கணினியில் இணைக்கும், 12 மணி நேரத்துக்குச் செல்லும். இவை எதுவும் இல்லாமல் வெறும் விஎச்டிஎக்ஸ் கோப்பு (விஎம்மின் டிஸ்க் முழுவதும் அடங்கிய கோப்பு) மட்டும் கையில் இருந்தாலும் விண்டோஸே அதை மவுண்ட் செய்யும். ரீட்-ஒன்லி என்ற டிக்கை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் ஒரே பேக்கப்பில் நீங்களே எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

சரி, எந்த வழியும் கைகொடுக்கவில்லை, முழு விஎம்மைத்தான் ரீஸ்டோர் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேறு பெயரில், வேறு இடத்தில், நெட்வொர்க் கழற்றிய நிலையில் செய்யுங்கள். நெட்வொர்க்கைக் கழற்றச் சொல்வது சும்மா இல்லை. அதே ஐபி, அதே கணினிப் பெயரோடு இரண்டாவது சர்வர் எழுந்தால் என்ன குழப்பம் வரும் என்று உங்களுக்கே தெரியும், போதாக்குறைக்கு அதில் இருக்கும் தானியங்கி வேலைகள் பழைய தரவை வைத்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கும். விஎம்மைக் கிளப்பாமல் அந்த டிஸ்க்கை மட்டும் வேறொரு விஎம்மில் இணைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. எடுத்த விஎம்மிலேயே திரும்ப இணைத்தால் விண்டோஸ் ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் என்று சொல்லி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். லினக்ஸில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) பெயர்கள் மோதும், எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒரே யுயுஐடி (அடையாள எண்) என்று மவுண்ட் செய்யவே மறுக்கும்.

ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையை அதே இடத்தில் பிடித்து வைப்பது) பின்னுக்குத் திருப்புகிறவர்களுக்கும் இதே திட்டுதான். ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. மூல டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சங்கிலியில் 32 வரை அனுமதி இருந்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள் என்று, விஎம்களை ஓட்டும் மென்பொருளைத் தருகிற விஎம்வேர் தரப்பே சொல்கிறது. நான் பார்க்கப் போகிற இடங்களில் ஸ்னாப்ஷாட்கள் மாதக்கணக்கில் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிக்கொண்டிருக்கும், கேட்டால் "பாதுகாப்புக்கு வச்சிருக்கோம் சார்" என்பார்கள்.

இனி தேடுகிற வேலை. பேக்கப்பைத் திறப்பதற்கு முன் சர்வரிலேயே ஷேடோ காப்பி (கோப்புகளின் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்த ஃபோல்டரின் முந்தைய பதிப்புகள் ஓரிரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ரீசைக்கிள் பின்னில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நெட்வொர்க் ஷேரில் அழித்தது பொதுவாக அங்கே போவதில்லை. அப்புறம் பயனரிடம் கேட்கிற கேள்வி முக்கியம். "எப்போது காணோம்?" என்று கேட்காதீர்கள், அவர் கவனித்த நேரத்தைத்தான் சொல்வார். "கடைசியாக எப்போது திறந்து சரியாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். இன்று காணோம் என்கிறவர் அதை மூன்று வாரத்துக்கு முன்பு திறந்திருப்பார், உங்கள் பேக்கப்போ 14 நாள்தான் வைத்திருக்கும். அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. கோப்பு கெட்டுப்போன வழக்கென்றால், நேற்றைய பேக்கப்பில் இருப்பதும் கெட்டதாகவே இருக்கலாம். ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய் அளவையும் மாற்றிய தேதியையும் ஒப்பிடுங்கள், எந்த இரவில் அளவு திடீரென்று மாறுகிறதோ அதற்கு முந்தைய இரவுதான் உங்களுக்கு வேண்டியது. நேரத்தைப் பார்க்கும்போது அது உள்ளூர் நேரமா யுடிசியா (உலகப் பொது நேரமா) என்பதையும் கவனியுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் பேக்கப்பின் பாதையில் யுடிசிதான் எழுதும். சம்பவத்துக்கு முந்தையது என்று நினைத்துப் பிந்தையதை எடுத்துவிட்டு, பேக்கப்பே தப்பு என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

சில சமயம் பேக்கப்பைத் திறந்தால் அந்த டிரைவே இருக்காது. ஆனால் ஜாப் தினமும் பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டிக்கொண்டிருக்கும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம், ஏனென்றால் யாரும் பதிவைத் திறந்து படிப்பதில்லை. விஎம்வேரில் இண்டிபெண்டன்ட் என்று குறித்த டிஸ்க்கும், பிசிக்கல் முறையில் இணைத்த ஆர்டிஎம் டிஸ்க்கும் (சேமிப்பகத்தின் டிஸ்க்கை நேராக விஎம்முக்குக் கொடுப்பது) ஸ்னாப்ஷாட்டில் சேராது. ஸ்னாப்ஷாட்டில் சேராதது ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டுகிற மென்பொருள்) வழியாக எடுக்கிற பேக்கப்பிலும் இருக்காது. விஎம்முக்கு உள்ளிருந்து ஐஸ்கஸியில் இணைத்த டிஸ்க்கை ஹைப்பர்வைசருக்கு யாரென்றே தெரியாது. என்எஃப்எஸ் (லினக்ஸில் நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) அல்லது வேறு ஷேரிலிருந்து மவுண்ட் செய்த ஃபோல்டர் அந்த விஎம்மிலேயே கிடையாது, அது வேறொரு பெட்டியில் இருக்கிறது. பயனருக்கு எல்லாம் ஒரே சர்வர் மாதிரித் தெரியும், உங்களுக்கும் அப்படித் தெரிந்தால் எப்படி?

இன்னொரு வகை: டிரைவ் இருக்கும், கோப்பின் பெயர் இருக்கும், அளவும் இருக்கும், திறக்காது. விண்டோஸ் சர்வரில் டேட்டா டீடூப்ளிகேஷன் (ஒரே மாதிரியான தரவை ஒருமுறை மட்டும் வைத்து இடம் மிச்சப்படுத்துவது) போட்டிருந்தால், மவுண்ட் செய்கிற சர்வரிலும் அந்த வசதி நிறுவியிருக்க வேண்டும். ரெஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் மவுண்ட் சர்வரின் விண்டோஸ் மூல சர்வரைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. உள்ளே பிட்லாக்கரோ லக்ஸோ (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டுபவை) போட்டிருந்தால் சாவி இல்லாமல் ஒன்றும் தெரியாது. அந்தச் சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதே விஎம்மின் டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள்.

எடுத்த கோப்பை நேராகப் பழைய இடத்தில் போடாதீர்கள். முதலில் தனி ஃபோல்டரில் எடுத்து, உரியவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேடியது இதுதான் என்று சொன்ன பிறகு மாற்றுங்கள். மென்பொருள் மேலெழுதவா, இரண்டையும் வைக்கவா என்று கேட்டால் இரண்டையும் வையுங்கள், இடம் ஒன்றும் தீர்ந்துவிடாது. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) சம்பவத்துக்குப் பிறகான மீட்பு என்றால், வெளியே கொண்டுவரும் முன் வைரஸ் ஸ்கேன் கட்டாயம், கெட்டவன் உள்ளே வந்த நாளும் பூட்டிய நாளும் ஒன்றல்ல.

பெர்மிஷனைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இழுத்துப் போட்டால் கோப்பு, போட்ட ஃபோல்டரின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். சம்பளப் பட்டியலை எல்லோரும் பார்க்கிற பொது ஃபோல்டரில் தற்காலிகமாக எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அனுமதிகளோடு மீட்கிற வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கையால் நகலெடுத்தாக வேண்டுமென்றால் ரோபோகாப்பியில் (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) அனுமதிகளையும் சேர்த்து எடுக்கிற விருப்பத்தைக் கொடுங்கள். லினக்ஸில் உரிமையாளர் எண்ணையும், எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இருந்தால் அதன் லேபிளையும் சரிபாருங்கள். கோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, வெப் சர்வர் மட்டும் படிக்க மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் இவைதான் காரணம்.

டேட்டாபேஸை இந்த வழியில் தொடாதீர்கள். அது பார்க்கக் கோப்பு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு டேபிளின் தரவு இருக்கும் ஐபிடி கோப்பை மட்டும் உருவி, ஓடுகிற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஃபோல்டரில் போட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. டேட்டாபேஸுக்கு அதன் சொந்த பேக்கப்போ, விஎஸ்எஸ் (ஓடுகிற செயலியின் தரவை ஒழுங்கான நிலையில் நகலெடுக்க உதவும் விண்டோஸ் வசதி) உதவியோடு செயலியை அறிந்து எடுத்த பேக்கப்போ வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சேவை) சர்வரில் விளையாடவே வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் பழைய நிலைக்குத் திரும்பியதைக் கண்டுபிடிக்கிற பாதுகாப்பு இருக்கிறது, அதற்காக அதை நம்பி ஸ்னாப்ஷாட்டைத் திருப்பலாம் என்று அர்த்தமில்லை.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்துகிற கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதியிருக்கிறார்கள், படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, டேட்டாபேஸ் 9.6, அதனால் பேக்கப் ஓடவே இல்லை. தோல்வி என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சுமார் 6 மணி நேரம் பழைய ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள். ஸ்னாப்ஷாட்டைத் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று சிரிக்க வேண்டாம், எதுவும் இல்லாத இடத்தில் அதுவும் உதவும்தான். ஆனால் அத்தனை பெரிய குழுவுக்கே இது நடக்கிறது. எனவே மாதம் ஒருமுறை, ஏதோ ஒரு விஎம்மில், ஏதோ ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். பச்சை டிக்கைப் பார்த்தது இதில் சேராது.

இன்னும் இரண்டு விஷயம் மீதி. பேக்கப்புக்குள் உலாவும் உரிமை யாருக்கு இருக்கிறது? அந்த ஆள் எல்லா சர்வரிலும் எல்லாக் கோப்பையும், எந்த அனுமதியும் கேட்காமல் படிக்கலாம். டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடுகிற சர்வர்) பேக்கப்பிலிருந்து கடவுச்சொல் தரவுத்தளத்தையே எடுத்துக்கொண்டு போகலாம். ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிற எல்லோருக்கும் நிர்வாகி கணக்கைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் இப்போதே பிடுங்குங்கள். கோப்பு மீட்புக்கு மட்டுமான தனிப் பொறுப்பை உருவாக்கி, இரண்டடுக்கு உள்நுழைவைப் போட்டு, யார் எதைத் திறந்தார் என்ற பதிவை வையுங்கள். வேலை முடிந்ததும் மவுண்ட்டை மூடுங்கள். திறந்தே விட்டால் அந்த ரீஸ்டோர் பாயின்ட் (நீங்கள் திறந்த அந்த நாளின் பேக்கப்) பூட்டிக் கிடக்கும், இரவு பேக்கப் பழையதை நீக்கவோ ஒன்றாக்கவோ முடியாமல் தோற்கும், மறுநாள் காலையில் அதற்கும் என்னைத்தான் அழைப்பீர்கள்.